60 வருஷ பழைய குட்டி மில்லிங் மெஷின்: விலை ஏன் இறங்க மாட்டேங்குது? வாங்கினா லாபமா, செலவா?



தங்கம், நிலம், எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட் என்று நிறைய சொத்துகளைப் பற்றி இங்கே பேசியிருக்கோம். இன்னைக்கு எடுத்துக்கிட்டது கொஞ்சம் வித்தியாசமான பொருள். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் 1950, 60, 70-களில் தயாரான சின்ன சைஸ் துல்லிய மில்லிங் மெஷின்கள்.

அசியேரா, ஷாப்ளின், டெக்கல். இந்தப் பெயர்களை டூல் ரூமில் வேலை பார்த்தவங்க கேள்விப்பட்டிருக்கலாம், மத்தவங்களுக்குப் புதுசா இருக்கும். ஆனா ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரிட்டயர் ஆன இன்ஜினியர்கள், கடிகாரம் ரிப்பேர் பண்றவங்க, வீட்டு கராஜில் குட்டி நீராவி இன்ஜின் செய்றவங்க எல்லாம் இந்த மெஷின்களைத் தேடித் தேடி வாங்குறாங்க. நல்ல நிலையில் உள்ள ஒண்ணு விற்பனைக்கு வந்தா ரொம்ப நாள் நிக்காது.

கார் வாங்கி ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்குது. லேப்டாப் 5 வருஷத்துல பேரீச்சம்பழத்துக்குப் போடுற நிலைக்கு வந்துடுது. அப்படி இருக்க, 60 வருஷ இரும்பு மெஷினுக்கு மட்டும் ஏன் இந்த மவுசு? விலை இறங்காத பொருள்னா அதை முதலீடுன்னு சொல்லலாமா? இந்த ரெண்டு கேள்விக்கும் பதிலைக் கணக்கோட பார்ப்போம். மெஷினே வாங்காதவங்களுக்கும் இதுல எடுத்துக்க ஒரு பாடம் இருக்கு.

மில்லிங் மெஷின்னா என்ன?

தெரிஞ்சவங்க இந்தப் பத்தியைத் தாண்டிப் போயிடலாம்.

லேத்தில் பொருள் சுத்தும், வெட்டுற டூல் நகர்ந்து வரும். அதனால உருண்டையான பொருள்கள் செய்ய லேத். மில்லிங் மெஷின் அதுக்கு நேர் எதிர். கட்டர் சுத்தும், பொருள் ஒரு மேசை மேல இறுக்கமா பிடிக்கப்பட்டிருக்கும். அந்த மேசை இடம் வலம், முன் பின், மேல் கீழ் என்று மூணு திசையில் நகரும். தட்டையான முகம், பள்ளம், பல் சக்கரம், கோணமான வெட்டு எல்லாம் இதுல வரும். ஒரு இரும்புத் துண்டை எடுத்து உங்களுக்கு வேண்டிய வடிவத்துக்குக் கொண்டு வர, இந்த ரெண்டு மெஷினும் இருந்தா ஒரு பட்டறைக்கு அடித்தளம் போட்டாச்சு.

இதுல "துல்லியம்" எங்க வருதுன்னா, மேசையை நகர்த்துற கைச்சக்கரத்தில் ஒரு டயல் இருக்கும். மில்லிமீட்டரை நூறாகப் பிரிச்சு, அந்தப் பங்குகளில் கணக்குப் பார்த்து வேலை செய்வாங்க. நம்ம தலைமுடியின் தடிமனே அதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த அளவில் வெப்பம்கூட கணக்கில் வரும். 100 மில்லிமீட்டர் நீள இரும்புத் துண்டு 10 டிகிரி சூடானா, அதோட நீளம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேயே கூடிடும். வெட்டி முடிச்ச சூட்டோட அளந்தா ஒரு அளவு, ஆறினதும் வேற அளவு!

இந்த மெஷின்கள் எங்கிருந்து வந்தது?

சுவிட்சர்லாந்தில் ஜூரா மலைப்பகுதி கடிகாரத் தொழிலுக்குப் பேர் போன இடம். அங்கே லெ லோக்ல் என்ற ஊரில்தான் அசியேரா மெஷின் தயாரானது. அந்த ஊரையும் பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனையும், கடிகாரத் தொழிலுக்காகவே திட்டமிட்டு வளர்ந்த ஊர்கள் என்று 2009-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே ஜூரா பகுதியில் பெவிலார் என்ற ஊரில் 1915-ல் தொடங்கின கம்பெனி ஷாப்ளின். குட்டிக் குட்டிப் பாகங்களைத் துல்லியமா செய்யணும்னா, அதைச் செய்ற மெஷினும் சின்னதா, அதைவிடத் துல்லியமா இருக்கணும். அந்தத் தேவையில் பிறந்தது இந்த வகை.

ஜெர்மனியில் மியூனிக் நகரத்து டெக்கல் கம்பெனியோட கதை இன்னும் சுவாரசியம். பழைய கேமரா பிரியர்களுக்கு "காம்பூர்" ஷட்டர் தெரியும். ரோலைஃப்ளெக்ஸ் கேமராவில் இருந்ததும் அதுதான். அந்த ஷட்டரை உலகம் முழுக்க சப்ளை பண்ணின பெயர் டெக்கல். அதே பெயரில் வந்த எஃப்பி-1 மில்லிங் மெஷின், டூல் ரூம்களில் பல பத்தாண்டுகள் ராஜா மாதிரி இருந்தது.

அமெரிக்காவில் இதே வேலைக்கு பிரிட்ஜ்போர்ட் மெஷின். 1938-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் நகரத்திலேயே தொடங்கி, அங்கே பட்டறைக்குப் பட்டறை பார்க்கக்கூடிய மெஷினா ஆச்சு. ஆனா அது ஆள் உயரத்தைத் தாண்டும், எடையும் அதிகம். வீட்டில் வைக்க நினைக்கிறவங்க சுவிஸ், ஜெர்மன் குட்டிகளைத் தேடுறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் ஓனர் கட்டின தேய்மானம்

இந்த மெஷின்கள் புதுசா வந்தப்போ சாதாரண ஆள் நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத விலை. வாங்கினது தொழிற்சாலைகள், டூல் ரூம்கள், தொழிற்பள்ளிகள், ஆராய்ச்சிக் கூடங்கள்.

அப்புறம் ரெண்டு அடி விழுந்தது.

முதல் அடி, கம்ப்யூட்டர். எண்களைக் கொடுத்து மில்லிங் மெஷினை ஓட்டலாம் என்று அமெரிக்காவின் எம்ஐடி 1952-லேயே செய்து காட்டிடுச்சு. 1970-களுக்குப் பிறகு மைக்ரோபிராசசர் வந்ததும் சிஎன்சி மெஷின்கள் வேகமா பரவின. ஒரே பாகத்தை ஆயிரம் தடவை செய்யணும்னா கைச்சக்கரம் சுத்துற மெஷினால போட்டி போடவே முடியாது.

ரெண்டாவது அடி, குவார்ட்ஸ் கடிகாரம். 1969 டிசம்பர் 25-ம் தேதி ஜப்பானில் செய்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுக்கப்புறம் சுவிஸ் கடிகாரத் தொழில் ஆட்டம் கண்டது. 1970 வாக்கில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த அந்தத் தொழிலில் 1980-களின் நடுவில் சுமார் 30,000 பேர்தான் மிஞ்சினாங்க. வாடிக்கையாளர் தளர்ந்தா மெஷின் செய்றவங்களும் தளர்ந்துதானே ஆகணும். ஜெர்மனியில் டெக்கல் 1990-களின் தொடக்கத்தில் மாஹோ என்ற இன்னொரு பெரிய மில்லிங் மெஷின் கம்பெனியோடு இணைந்தும் தாக்குப்பிடிக்க முடியாம திவாலாகி, வேறொரு குழுமத்தின் கைக்குப் போயிடுச்சு.

தொழிற்சாலைகள் கைமெஷின்களைக் கழிச்சுக் கட்டின. கணக்குப் புத்தகத்தில் அதோட மதிப்பு ஏற்கனவே பூஜ்யம் ஆகியிருக்கும், தேய்மானம் முழுசா எழுதி முடிச்சிருப்பாங்க. அவங்களுக்கு அது இடத்தை அடைக்கிற இரும்பு.

கவனிங்க, கணக்குப் புத்தகத்தில்தான் அது பூஜ்யம். மெஷினுக்கு அது தெரியாது! நேத்து வெட்டின மாதிரியே இன்னைக்கும் வெட்டும். புத்தக மதிப்பும் பயன் மதிப்பும் பிரியுற இந்த இடத்தில்தான் தனிநபர் உள்ளே வந்தார். பெரிய தேய்மானத்தை முதல் ஓனர் கட்டி முடிச்சுட்டார். ரெண்டாவது, மூணாவது ஓனருக்குக் கிடைச்சது அடித்தட்டு விலை. பழைய கார் வாங்கும்போது நாம எதிர்பார்க்கிற அதே சலுகைதான். ஆனா கார் மாதிரி இதுல துருவும் எலக்ட்ரானிக்ஸும் மாசுக் கட்டுப்பாட்டு விதியும் வந்து ஆயுளை முடிச்சு வைக்கிறதில்லை.

ஏன் இவ்வளவு ஆசை?

விலையை மட்டும் பார்த்து இதை யாரும் வாங்குறதில்லை. ஆசைக்கு நியாயமான காரணங்கள் இருக்கு.

ஒண்ணு, சின்ன இடத்தில் பெரிய பட்டறை. டெக்கல் எஃப்பி-1-ஐ எடுத்துக்குவோம். கிடைமட்ட ஸ்பிண்டில் ஒண்ணு இருக்கு. மேல ஒரு ஹெட் மாட்டினா செங்குத்து மெஷினாயிடும். அந்த ஹெட்டையும் சாய்க்கலாம். மேசையைக் கழட்டி வேற மேசை மாட்டலாம்: நேர் மேசை, எந்தக் கோணத்துக்கும் சாயுற யுனிவர்சல் மேசை, வட்டமா சுத்துற மேசை, பல் சக்கரத்துக்கு டிவைடிங் ஹெட், பள்ளம் செதுக்க ஸ்லாட்டிங் ஹெட். ஒரு நாற்காலி போடுற இடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடத்தில் நாலஞ்சு மெஷின் அடங்கியிருக்கு.

ரெண்டு, ரிப்பேர் பண்ண முடியும். சாஃப்ட்வேர் கிடையாது, போர்டு கிடையாது, "இந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்திட்டோம்" என்ற செய்தியும் வராது. பேரிங் போனா பேரிங் மாத்தலாம். ஸ்லைடு தேஞ்சா? அதையும் மீட்கலாம், ஸ்க்ரேப்பிங் என்ற கைவேலையால. சமமான ஒரு தட்டில் நீல மையை மெல்லிசா தடவி, அதுல ஸ்லைடை வச்சுத் தேய்ப்பாங்க. மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அந்த இடத்தைக் கூர்மையான ஸ்க்ரேப்பரால ஒரு சில மைக்ரான் சுரண்டுவாங்க. மறுபடி மை, மறுபடி சுரண்டல். நாள் கணக்கில் போகும். முழுச் சமமான பரப்பை உருவாக்குற முறை பற்றி ஜோசப் விட்வொர்த் 1840-ல் ஸ்காட்லாந்தில் கட்டுரையே வாசிச்சார். அந்த வேலையோட அடிப்படை இன்னைக்கும் பெரிசா மாறலை.

மூணு, கையில் தெரியுற திருப்தி. நல்ல மெஷினோட கைச்சக்கரத்தைச் சுத்தினா, அது எண்ணெய்ப் படலத்து மேல வழுக்கிப் போறது விரலுக்குத் தெரியும். கட்டர் மழுங்கினா சத்தம் சொல்லும். ஐடி வேலை பார்த்துட்டு சாயந்திரம் இதுல நிக்கிறவங்க நிறைய பேர் இதைத்தான் காரணமா சொல்வாங்க. நாள் பூரா திரையைப் பார்த்த கைக்கு, தொட்டுப் பார்க்க ஒரு பொருள் மிஞ்சுது.

இதை நான் குறைச்சு மதிப்பிடலை. பணம் கொடுத்து வாங்குறதில் மன நிறைவும் ஒரு வருமானம்தான். அதை வருமானக் கணக்கில் எழுதும்போது செலவுக் கணக்கையும் சேர்த்து எழுதணும், அவ்வளவுதான் என் கோரிக்கை.

விலை ஏன் இறங்க மாட்டேங்குது?

காரணம் மூணு.

முதல்ல, புதுசா வர வாய்ப்பு குறைவு. கையால ஸ்க்ரேப் பண்ணி, ஒவ்வொரு பாகத்தையும் பொருத்திப் பார்த்து ஒரு கைமெஷினை இன்னைக்குச் செய்தா, அந்தக் கூலிக்கே விலை எங்கேயோ போயிடும். அந்தக் காசுக்குத் தொழிற்சாலை சிஎன்சி வாங்கிடும்.

அடுத்தது, இருக்கிற எண்ணிக்கையும் குறைஞ்சுகிட்டே வருது. எடைக்குப் போனது திரும்பி வராது.

மூணாவது ரொம்ப முக்கியம்: உதிரிபாகமும் அறிவும் இன்னும் உயிரோட இருக்கு. ஜெர்மனியில் பழைய டெக்கல் மெஷின்களுக்குப் பாகம் தர்றது, முழுசா புதுப்பிச்சுத் தர்றது என்பதையே தொழிலா வச்சிருக்கிற நிறுவனங்கள் உண்டு. மேனுவல் கிடைக்கும், கேட்டா சொல்லித் தர ஆள் கிடைக்கும். எந்தப் பழைய பொருளுக்கும் இந்த ஆதரவு இருக்கிற வரைக்கும்தான் விலை நிக்கும்.

இதோட மறுபக்கத்தையும் சொல்லிடணும். இந்த மெஷினில் தொழில் கத்துக்கிட்ட தலைமுறை இன்னைக்கு ஓய்வு வயசைத் தாண்டிட்டு இருக்கு. அவங்க பட்டறைகள் விற்பனைக்கு வரும்போது, வாங்க அடுத்த தலைமுறை அதே எண்ணிக்கையில் இருக்கணும். இல்லைன்னா விலை இறங்கத்தான் செய்யும். "இதுவரை இறங்கலை" என்பதை "இனிமேலும் இறங்காது"ன்னு படிச்சுடாதீங்க. எந்த முதலீட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போ கணக்குக்கு வருவோம்

புரியறதுக்காக ரூபாயிலேயே போடுறேன். எல்லாம் உதாரண எண்கள், சந்தை விலை இல்லை.

மெஷின் வாங்கின விலை: ₹3,00,000
லாரி, கிரேன், இறக்கி நிறுத்துற கூலி: ₹40,000
மின் வேலை: ₹30,000
கட்டர், காலெட், வைஸ், அளவுக் கருவிகள்: ₹1,50,000
மொத்தம்: ₹5,20,000

முதல் அதிர்ச்சி இங்கேயே. மூணு லட்சத்து மெஷின், ஒரு வெட்டு வெட்டுறதுக்கு முன்னாடியே அஞ்சு லட்சத்தைத் தாண்டிடுச்சு. நிறைய பேர் பட்ஜெட் போடும்போது முதல் வரியோட நிறுத்திடுறாங்க.

பத்து வருஷம் கழிச்சு விற்கிறீங்க. மெஷின் அதே ₹3,00,000-க்குப் போகுது, டூல்களும் அதே ₹1,50,000-க்குப் போகுதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம். கையில் ₹4,50,000. கிரேனுக்கும் கரண்டுக்கும் கொடுத்தது திரும்பாது. "பத்து வருஷம் பயன்படுத்தி வெறும் ₹70,000தானே போச்சு, லாபம்தான்!" என்று சொல்லத் தோணும்.

இப்போ அதே ₹5,20,000-ஐ வருஷத்துக்கு 7% கூட்டு வட்டியில் போட்டிருந்தா? பத்து வருஷத்தில் சுமார் ₹10,22,900. வித்தியாசம் ₹5,72,900. மாசா மாசம் சுமார் ₹3,300 அதே வட்டியில் ஆர்டி கட்டியிருந்தா பத்து வருஷத்தில் சேருற தொகை இது.

அப்போ அந்த மெஷினோட உண்மையான வாடகை மாசம் ₹3,300. விலை ஒரு ரூபாய்கூட இறங்காத நிலையிலேயே இவ்வளவு! எண்ணெய், கரண்ட் பில், உடையுற கட்டர், மெஷின் நிக்கிற இடத்தோட வாடகை இதுல சேரலை.

இந்தப் பதிவில் ஒரே ஒரு வரி ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க: விலை குறையாத பொருள் வேற, செலவு வைக்காத பொருள் வேற. தங்க நகைக்கும் காலி மனைக்கும் வாடகைக்கு விடாம பூட்டி வச்ச ஃபிளாட்டுக்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

சரி, ₹3,300 அதிகமா? மாசத்தில் எட்டு நாள் அந்த மெஷினில் நிக்கிறவருக்கு ஒரு நாளைக்கு சுமார் ₹400. மகிழ்ச்சிக்கு இது நியாயமான விலை. அதுல ரிப்பேர் வேலை எடுத்து மாசம் நாலாயிரம் சம்பாதிச்சா மெஷின் தன் வாடகையைத் தானே கட்டிடும். வருஷத்தில் ரெண்டு தடவை துணியை எடுத்துத் தூசி தட்டிட்டு மூடுறவருக்கு? ஒரு தடவை பார்க்க ₹20,000. முடிவை நீங்களே எடுத்துக்கங்க.

டூல் செலவு ஏன் இப்படி ஏறுது?

காலெட் என்பது கட்டரைக் கவ்விப் பிடிக்கிற பிடி. ஒவ்வொரு அளவு கட்டருக்கும் தனித்தனி வேணும். பிரிட்ஜ்போர்ட்டில் வர்ற ஆர்-8 வகை உலகம் முழுக்க புதுசா, மலிவா கிடைக்கும். அசியேரா எஃப்-3-க்கு டபிள்யூ-20, அதைவிடக் குட்டியான எஃப்-1-க்கு டபிள்யூ-12. இதெல்லாம் குறைவான பேர் பயன்படுத்துறது, அதனால விலை கூடுதல். பிரிண்டர் மலிவா கிடைச்சு, இங்க் விலையில் மாட்டிக்கிற அதே கதை.

இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. ஷாப்ளின் 102 லேத்திலும் டபிள்யூ-20 காலெட்தான் வரும். ஏற்கனவே அந்த லேத் வச்சிருக்கிறவருக்கு அசியேரா எஃப்-3 வாங்கினா காலெட் செலவு மிச்சம். மெஷினைத் தனியா பார்க்காம, உங்ககிட்ட ஏற்கனவே இருக்கிறதோட சேர்த்துப் பார்க்கணும்னு சொல்றது இதனாலதான்.

கரண்ட் விஷயம்

இந்த மெஷின்கள் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டாரோட வரும். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் மட்டும் இருந்தா விஎஃப்டி என்ற கருவி வழியா ஓட்டலாம். அது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி 230 வோல்ட் த்ரீ ஃபேஸா கொடுக்கும். மோட்டார் பலகையில் 230/400 என்று ரெண்டு எண்ணும் இருந்தா டெல்டா இணைப்பில் மாத்தி ஓட்டிடலாம். 400 மட்டும் இருந்தாலோ, ரெண்டு வேக மோட்டாரா இருந்தாலோ வேலையும் செலவும் கூடும். வாங்குறதுக்கு முன்னாடி அந்தச் சின்னப் பலகையை ஒரு ஃபோட்டோ எடுத்து எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க.

பார்க்கப் போனா என்னென்ன கவனிக்கணும்?

1. புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. பளபளப்பு வெளியே, துல்லியம் உள்ளே. பெயின்ட் உதிர்ந்து, ஸ்லைடில் பழைய ஸ்க்ரேப்பிங் கோலம் இன்னும் தெரியுற மெஷின் எவ்வளவோ மேல்.

2. மேசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுத்திப் பாருங்க. வழக்கமா வேலை நடக்கிற நடுப்பகுதிதான் முதல்ல தேயும். நடுவில் லூசாவும் ஓரங்களில் இறுக்கமாவும் இருந்தா தேய்மானம் அதிகம்னு அர்த்தம்.

3. கைச்சக்கரத்தைத் திருப்பிச் சுத்தும்போது மேசை நகராம டயல் மட்டும் எவ்வளவு ஓடுதுன்னு பாருங்க. இதுதான் பேக்லாஷ். கொஞ்சம் இருக்கும், சகஜம். ஆனா நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் வேற அளவுன்னா லீட் ஸ்க்ரூ ஒரே இடத்தில் தேஞ்சிருக்கு.

4. டயல் கேஜ் எடுத்துட்டுப் போய் ஸ்பிண்டிலோட உள்வாயில் வச்சு, கையால சுத்தி ஆட்டம் பாருங்க.

5. எல்லா வேகத்திலும் ஓடவிட்டுக் கேளுங்க. ஒரு வேகத்தில் மட்டும் கரகரப்பு வந்தா அந்தக் கியரில் கோளாறு.

6. கூட என்னென்ன வருதுன்னு எழுதி வாங்குங்க. செங்குத்து ஹெட், மேசைகள், டிரா பார், காலெட் பெட்டி. தனியா தேடி வாங்கப் போனா ஒரு ஹெட்டுக்கே கண்ணைக் கட்டும்.

7. எடையையும் வாசல் அகலத்தையும் முன்கூட்டியே பாருங்க. "சின்ன மெஷின்" என்றாலும் எஃப்பி-1 அரை டன்னுக்கு மேல. ரெண்டு பேர் தூக்கிட்டு வர்ற சமாசாரம் இல்லை.

நம்ம ஊருக்கு இது பொருந்துமா?

இந்த சுவிஸ், ஜெர்மன் மெஷினைக் கப்பலில் கொண்டுவந்து, வரி கட்டி, இறக்கி வைக்கிறது ஆசைக்காகச் செய்யலாம், லாபத்துக்காக இல்லை. நம்ம நாட்டில் பழைய மில்லிங் மெஷின்னா எச்எம்டி பெயர்தான் முதல்ல வரும். 1953-ல் பெங்களூரில் தொடங்கினப்போ அந்த நிறுவனத்துக்குத் தொழில்நுட்பக் கூட்டாளியும் ஒரு சுவிஸ் கம்பெனிதான். பின்னாடி பிஞ்சோர் தொழிற்சாலையில் மில்லிங் மெஷின்கள் தயாராச்சு. அவை தொழிற்சாலை சைஸ், வீட்டுக்கு ஒத்து வராது. ஆனா கோயம்புத்தூர், அம்பத்தூர் பக்கம் சொந்தமா சின்னப் பட்டறை போட நினைக்கிறவங்களுக்கு மேல சொன்ன ஏழு சோதனையும் அந்த வாடகைக் கணக்கும் அப்படியே பொருந்தும். புது மெஷினுக்கு இஎம்ஐ கட்டி முதல் வருஷத்திலேயே மூச்சு முட்டுறதைவிட, தேய்மானம் கழிஞ்ச நல்ல பழைய மெஷினில் தொடங்குறது பல சமயம் பாதுகாப்பு.

யாரும் பேசாத ஒரு விஷயம்: உங்களுக்குப் பிறகு?

பேங்க் கணக்குக்கு நாமினி போடச் சொல்றோம், டேர்ம் இன்சூரன்ஸ் பாலிசியை வீட்டில் காட்டச் சொல்றோம். பட்டறைக்கு?

இந்த மெஷினோட மதிப்பில் பெரிய பங்கு அதோட துணைப் பொருள்களில் இருக்கு. அது இது எதுக்குன்னு தெரிஞ்சவர் ஒருத்தர்தான், ஓனர். அவர் இல்லாமப் போனா வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு டிவைடிங் ஹெட் வெறும் கனமான இரும்புக் கட்டி. காயலான் கடைக்காரர் வந்து மொத்தமா எடை போட்டா, வாழ்நாள் சேமிப்பு கிலோ கணக்கில் போயிடும். இல்லைன்னா விவரம் தெரிஞ்ச யாராவது மேசையையும் ஹெட்டையும் மட்டும் தனியா பேரம் பேசி எடுத்துட்டுப் போவார். மிச்சம் நிக்கிற உடம்பை யாரும் கேட்க மாட்டாங்க, அது உருக்கத்தான் போகும். நஷ்டம் குடும்பத்துக்கு மட்டும் இல்லை. அறுபது வருஷம் தாக்குப்பிடிச்ச ஒரு முழு மெஷின் உலகத்தில் ஒண்ணு குறைஞ்சு போகும்.

இதைத் தடுக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஃபோட்டோ, பேர், எந்த மெஷினோடது, என்ன விலைக்கு வாங்கினது. "இதையெல்லாம் பிரிக்காம சேர்த்தே விற்கணும்" என்று ஒரு வரி. நம்பிக்கையா விலை சொல்லக்கூடிய ரெண்டு நண்பர்களோட ஃபோன் நம்பர். ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. மெஷின் மட்டும் இல்லை, கேமரா, வீணை, பழைய நாணயம், தையல் மெஷின், எது சேர்க்கிறவரா இருந்தாலும் இதைச் செய்து வீட்டில் ஒருத்தர்கிட்ட காட்டி வைங்க.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வாரா வாரம் அதுல நிப்பீங்கன்னா வாங்கலாம். அவசர கால நிதி தனியா இருக்கணும், கடன் வாங்காம வாங்கணும், மெஷின் விலையைப் போல இன்னொரு பாதி கையில் இருக்கணும். தொழிலுக்குப் பயன்படுத்துறீங்கன்னா இன்னும் நல்லது.

விலை ஏறும், அஞ்சு வருஷம் வச்சிருந்து விற்றுடலாம் என்ற எண்ணம் மட்டும்னா வேண்டாம். இதுக்கு தினசரி விலை கிடையாது. அவசரத்துக்கு நாளைக்கே விற்க முடியாது, விவரம் தெரிஞ்ச ஒரு ஆள் தேடி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். பணமா மாத்த நாளாகிற சொத்தை அவசரத் தேவைக்கு நம்பி வைக்கக் கூடாது.

இந்த ₹3,300 கணக்கை உங்க வீட்டில் சும்மா கிடக்கிற ஏதாவது ஒரு விலை உயர்ந்த பொருளுக்குப் போட்டுப் பாருங்க. வாங்கின விலை, கூட ஆன செலவு, இன்னைக்கு விற்றா என்ன கிடைக்கும், அதே பணம் வட்டியில் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும். நாலு எண்தான். ஸ்டெப் ஸ்டெப்பா எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவில் காட்டியிருக்கேன், பாருங்க. உங்களுக்கு வந்த மாத வாடகை எவ்வளவு, அந்தப் பொருள் அதுக்குத் தகுதியா இல்லையான்னு எழுதுங்க.

அடுத்த பதிவில் சந்திப்போம்.